கைவிடப்பட்ட கல்குவாரியில் நாட்டுச் செடிகளை மீட்பது

மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கத்துப் பழைய கிரானைட் குவாரிகளில் கன்றை நட்டவுடன் காடு வந்துவிடாது. கல்தூளும் உடைகல்லும் இறுகிய மேட்டில் மழைநீர் இறங்காமல் வழிந்தோடிவிடுவதால், முதல் வேலை நிலத்தைக் கீறி, சரிவுக்குக் குறுக்கே வரப்புகள் போட்டு நீரை நிறுத்துவதுதான். அனுமதி பெற்று எடுத்த கண்மாய் வண்டலை மேடு முழுவதும் பரப்பினால் கட்டுப்படியாகாது. குழிகளிலும் வரப்போரத்திலும் இட்டால் போதும்.

புரட்டாசியில் கொழுக்கட்டைப் புல், கொழுஞ்சி, ஆவாரை விதைகளைத் தூவிவிட்டு, வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் ஐப்பசியில் உசில், வெள்வேல், விராலிக் கன்றுகளை நடலாம். வெள்வேல் விதையின் தோல் கடினமானது: கொதிக்கவைத்து இறக்கிய நீரில் போட்டு இரவு முழுவதும் ஊறவிட்டால், நீர் உறிஞ்சியவை காலையில் உப்பியிருக்கும், உப்பாதவற்றை மீண்டும் ஒருமுறை அவ்வாறே ஊறவிட வேண்டும். (ஆடு தின்ற நெற்றின் விதை கிடையில் முளைப்பதை ஆட்டுமந்தை மேய்க்கும் கீதாரிகள் நன்கறிவார்கள்.)

சீமைக்கருவேலம் அழைக்காமலே வரும். வெட்டினால் அடியிலிருந்து தழைக்கும் என்பதால், கன்றாக இருக்கும்போதே ஈர மண்ணில் வேரோடு பிடுங்குங்கள்.

எந்தச் செடி எங்கே பொருந்தும் என்பதற்கு, 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியின் குன்றடிகளை நடந்து பார்ப்பது, என் கணிப்பில், எந்த நாற்றங்கால் பட்டியலையும்விடப் பயன் தரும். முதல் இரண்டு கோடைக்கு ஆடுமாடு நுழையாதபடி இலந்தை முள்ளால் வேலியடைக்க வேண்டும்.