மூன்றாம் மாடியும் முட்டித் தேய்மானமும்: மும்பையில் வயதானவர்களுக்கு

மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துப் பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. மாடிக்கு 18, 20 படி. மூன்றாம் மாடி என்றால் கிட்டத்தட்ட 60. தாராவியில் மேல்தளத்துக்கு ஏறுவது செங்குத்தான இரும்பு ஏணி. முட்டி வலி வந்ததும் இந்த ஊரில் பெரியவர்கள் முதலில் செய்வது, கீழே இறங்குவதை நிறுத்துவதுதான். காய்கறி வீட்டுக்கே வருகிறது, பால் வருகிறது, கோயிலுக்குப் போவது நின்றுபோகிறது. ஆறு மாதத்தில் தொடைச் சதை வற்றிவிடும். அப்புறம் முட்டியின் தேய்மானத்தைவிட இந்தச் சதை இழப்புதான் பெரிய தொல்லை. முட்டி மாற்று ஆபரேஷனைத் தள்ளிப் போட நினைத்தாலும் சரி, அடுத்த மாதமே செய்துகொள்ள நினைத்தாலும் சரி, வேலை தொடையில்தான் ஆரம்பிக்கிறது.

எந்த வலி என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

சாதாரணத் தேய்மானத்தில் காலையில் எழுந்ததும் முட்டி பிடித்துக்கொள்ளும். பத்து இருபது நிமிடம் நடந்தால் விட்டுவிடும். பலருக்குப் படி ஏறுவதைவிட இறங்கும்போது வலி கூடுதல். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, வாதநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். முட்டி திடீரென்று வீங்கி, சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. உள்ளே சீழ் பிடித்திருந்தால் ஒரு நாள் தாமதமும் ஆபத்து.

அடிக்கடி தவறவிடுவது இடுப்பு மூட்டை. இடுப்பு தேய்ந்தவருக்கு வலி முட்டியில் தெரிவது உண்டு. தொடை இடுக்கில் வலி, செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை, சம்மணம் போட்டால் தொடை விரியவில்லை என்றால் டாக்டரிடம் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே நிற்க வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும், இரண்டு முட்டியும் சேர்த்து. படுக்க வைத்து எடுத்தால் மூட்டில் பளு இறங்காது. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி இருப்பது போலவே தெரியும். எழுதிக் கொடுக்கும்போதே 'நிற்க வைத்து' என்று குறித்துவிட்டாரா என்று பாருங்கள். எக்ஸ்ரேயிலேயே தேய்மானம் தெளிவாகத் தெரிகிறவருக்கு எம்ஆர்ஐ பெரும்பாலும் தேவைப்படாது.

தொடைக்கு மூன்று பயிற்சி

முதலாவது, துண்டு அழுத்துவது. கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். குளிக்கும் துண்டை உருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியின் பின்பக்கத்தால் துண்டை அழுத்தி 5 எண்ணும்வரை பிடியுங்கள். சரியாகச் செய்தால் முட்டிச் சில்லு தொடைப் பக்கம் லேசாக நகர்வது கண்ணுக்கே தெரியும். சில்லுக்கு மேலே, உட்பக்கச் சதையில் கை வைத்தால் கல் மாதிரி இறுகியிருக்கும். சதை தொளதொளவென்று இருந்தால் நீங்கள் இடுப்பால் அழுத்துகிறீர்கள். 10 முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் ரத்த அழுத்தம் ஏறும். வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

இரண்டாவது, கால் தூக்குவது. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, மறுகாலை முட்டி மடங்காமல் ஓர் அடி உயரம் தூக்கி, 5 எண்ணி, மெதுவாக இறக்குங்கள். ஓர் அடிக்கு மேல் தூக்கினால் பயன் அதிகமாகாது, முதுகுதான் வலிக்கும். இதுவும் 10 முறை.

மூன்றாவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. இருக்கை 18 அங்குல உயரம் இருக்கட்டும், நாற்காலியின் முதுகு சுவரில் ஒட்டியிருக்கட்டும். கையை ஊன்றாமல் எழுந்து, தொப்பென்று விழாமல் மூன்று எண்ணிக்கையில் உட்காருங்கள். முடியவில்லையா, ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாரங்கள் போகப் போக அதை எடுத்துவிடலாம். எழும்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று பார்க்கக் கூடாது.

செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வழக்கத்தைவிட வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். பெரும்பாலானோர் இரண்டாவது வாரத்தில் 'இதெல்லாம் சும்மா' என்று விட்டுவிடுகிறார்கள்; அதுதான் நடக்கும் பெரிய தப்பு.

எடையில் 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டி மேல் விழும் பளு சுமார் 4 கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவர் படியில் கால் வைக்கும்போதே வித்தியாசத்தை உணர்வார்.

கைத்தடியும் படியும்

கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி என்றால் இடது கை; தடியும் வலிக்கிற காலும் சேர்ந்து முன்னே போக வேண்டும். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். அதைவிட உயரமாக இருந்தால் தோள் வலிக்கும், குட்டையாக இருந்தால் முதுகு கூனும். அடி ரப்பர் தேய்ந்தால் ஈரத் தரையில் வழுக்கும்; ஜூன் மாத மழைக்கு முன்னால் புது ரப்பர் மாட்டிவிடுங்கள்.

ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற காலும் தடியும் முதலில். ஒரு கை எப்போதும் கைப்பிடியில். ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்த பிறகே அடுத்த படி. லோக்கல் ரயிலுக்கும் இதே கணக்குதான்: நல்ல காலால் ஏறி, வலிக்கிற காலை முதலில் இறக்குங்கள்.

மாத்திரை, ஊசி

வலிக்கு முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தடவிப் பாருங்கள். முட்டி தோலுக்கு அருகிலேயே இருப்பதால் ஜெல் வேலை செய்யும், வயிற்றையும் அதிகம் பாதிக்காது. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைத் தினமும் போடுவதுதான் கவலைக்குரியது. ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிய மாத்திரையும் எடுப்பவர் கூடவே வலி மாத்திரையும் போட்டால் சிறுநீரகம் மூன்று பக்கமும் அடி வாங்கும். 'ஒரே வாரத்தில் வலி பறந்துவிடும்' என்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் தரும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்; சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், திடீரென்று நிறுத்தினால் ஆளே விழுந்துவிடலாம்.

முட்டிக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நன்றாக இருக்க உதவும். ஆனால் ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆபரேஷன் தேதியை மனதில் வைத்திருப்பவர் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெறும் தேய்மானத்துக்கு, துளை போட்டு உள்ளே கழுவிவிடும் சிகிச்சையால் பயன் இல்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன.

ஆபரேஷன் எப்போது

எக்ஸ்ரேயில் 'நாலாம் கட்டம்' (தேய்மானத்தின் கடைசி நிலை) என்று எழுதியிருப்பதால் மட்டும் செய்ய வேண்டாம். நாலாம் கட்டத்தில் தினமும் மார்க்கெட் போய் வருபவர் உண்டு. ராத்திரி வலியில் தூக்கம் கெடுகிறதா? கால் மணி நேரம் நடக்க முடியவில்லையா? மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாறவில்லையா? கால் வில்லாக வளைந்துகொண்டே போகிறதா? இவற்றுக்கு ஆமாம் என்றால் பேசலாம். ரொம்பவும் தள்ளிப் போடுவதிலும் நஷ்டம் உண்டு: வருடக்கணக்கில் நீட்ட முடியாமல் மடங்கி இறுகிவிட்ட முட்டி, ஆபரேஷனுக்குப் பிறகும் நேராக வரச் சிரமப்படும்.

நன்றாகச் செய்த முட்டி பெரும்பாலானோருக்கு 15 முதல் 20 ஆண்டு, பலருக்கு அதற்கு மேலும் உழைக்கும். ஆனாலும் பத்துப் பேரில் ஒன்றிரண்டு பேர் எதிர்பார்த்த அளவு தேறவில்லை என்றே சொல்கிறார்கள். இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பாதி முட்டி மாற்று போதுமா என்று கேளுங்கள். இரண்டு முட்டியையும் ஒரே நாளில் செய்வது இதய நோய் உள்ளவருக்கு ஏற்றதல்ல. ரோபோ வைத்துச் செய்தால்தான் நல்லது என்று கூடுதல் பணம் கேட்டால், அந்த டாக்டர் வருடத்துக்கு எத்தனை முட்டி செய்கிறார் என்பதைக் கேளுங்கள், அதுதான் முக்கியம்.

செலவில் ஒன்று. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முட்டிக்கு விலை உச்சவரம்பு வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமிய வகைக்கு அப்போது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆகவே செலவு மதிப்பீட்டில் செயற்கை முட்டி, அறை, டாக்டர், பிசியோ (உடற்பயிற்சி சிகிச்சை தருபவர்) என்று தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். சியோனில் உள்ள லோக்மான்ய திலக், பரேலில் உள்ள கேஇஎம் போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் எலும்புப் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், செலவு குறைவு. 70 வயது முடிந்தவருக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் அட்டை (மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீடு) 2024 அக்டோபர் முதல் உண்டு, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. உங்கள் ஆஸ்பத்திரியில் முட்டி மாற்று அதில் சேருமா என்று அங்குள்ள ஆயுஷ்மான் மேசையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தனியார் இன்சூரன்சில் மூட்டு மாற்றுக்கு இரண்டு மூன்று வருடக் காத்திருப்பு இருப்பது வழக்கம்.

தேதி குறித்த பிறகு

பல் சொத்தை, சிறுநீர்த் தொற்று, கால் விரல் இடுக்குப் புண் மூன்றையும் ஆபரேஷனுக்கு முன்பே ஆற்றிவிட வேண்டும். அங்கிருந்து கிளம்பும் கிருமி ரத்தத்தின் வழியாகப் புது முட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8-க்கு மேல் இருந்தால் பல டாக்டர்கள் தள்ளிப் போடச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர், அதை எப்போது நிறுத்துவது என்று இதய டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும்; தானாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் மோரி (குளிக்கும் இடம்) வாசல் 24 அங்குலம்தான் இருக்கும். பல வாக்கர்கள் அதில் நுழையாது. வாடகைக்கு எடுக்கும் முன்பே அகலத்தைப் பாருங்கள். இந்தியன் டாய்லெட் என்றாலோ, சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள பழைய குடியிருப்பு) பொதுக் கழிப்பறை என்றாலோ ஒரு கமோட் நாற்காலி கட்டாயம். மோரிக்குள் வழுக்காத பாய், உட்கார்ந்து குளிக்க உயரமான ஸ்டூல், சுவரில் துளையிட்டு மாட்டிய கைப்பிடி. துணிக்கொடிக் கம்பியைக் கைப்பிடியாகப் பிடிக்காதீர்கள், பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தரையில் படுப்பவருக்குக் கட்டில் வேண்டும். படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொசைட்டியில் (கட்டடக் குடியிருப்போர் சங்கம்) முன்பே பேசிவிடுங்கள்.

முடிந்தால் ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். சியோனிலும் ஹிந்த்மாதாவிலும் தண்ணீர் தேங்கினால் தையல் பிரிக்கவோ, அவசரத்துக்கோ போவது பெரும்பாடு.

தமிழ் மட்டுமே பேசும் அம்மா, பாட்டி என்றால் பிசியோ இந்தியில் சொல்லும் மூன்று வார்த்தையை முன்பே சொல்லிக் கொடுங்கள். 'குட்னா மோடோ' என்றால் முட்டியை மடக்கு. 'சீதா கரோ' என்றால் நீட்டு. 'ஜோர் லகாவ்' என்றால் பலமாக அழுத்து. முதல் நாள் வலியில் இது புரியாமல் முழிப்பவர்களைப் பிசியோ, ஒத்துழைக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்.

முதல் ஆறு வாரம்

பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வாக்கரில் நிற்க வைத்துவிடுவார்கள். மூன்று நான்கு நாளில் வீடு. கிளம்பும் முன் ஆஸ்பத்திரிப் படியில் பிசியோவோடு ஒரு முறையாவது ஏறி இறங்கிப் பாருங்கள்.

எல்லாரும் செய்யும் தப்பு, முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. சுகமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும், பிறகு வாழ்நாள் முழுக்க நொண்டல். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கித் தானாக நேராகட்டும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. மடக்குவதில் இரண்டு வாரத்தில் 90 டிகிரி, ஆறு வாரத்தில் 110-ஐ ஒட்டி வந்தால் நல்ல போக்கு. பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முன்னால் போட்டால் மடக்குவது எளிது.

தையலோ கிளிப்போ பிரிக்க 12 முதல் 14 நாள். அதற்குப் பிறகும் முட்டி சூடாக இருப்பதும், சாயங்காலம் வீங்குவதும், தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பதும் சில மாதம் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் தழும்பில் நீர் வடிவது, காய்ச்சல், கெண்டைக்கால் இறுகி வலிப்பது என்றால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், 108-ஐ அழையுங்கள்.

தரையில் சம்மணம், இந்தியன் டாய்லெட் இரண்டையும் பெரும்பாலான டாக்டர்கள் வேண்டாம் என்பார்கள். பூஜைக்கு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். லோக்கல் ரயிலுக்கு மூன்று மாதம் பொறுங்கள். முதல் பயணம் மதியம் கூட்டமில்லாத நேரத்தில், துணைக்கு ஆளோடு இருக்கட்டும்.

டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டியிருக்கும் செயற்கை முட்டியின் ஸ்டிக்கரை மொபைலில் படம் எடுத்து மகனுக்கும் மகளுக்கும் அனுப்பி வையுங்கள். அதில் தயாரிப்பு, அளவு, வரிசை எண் இருக்கும். பல வருடம் கழித்து ஒரு பாகம் மட்டும் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தால் புது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.