மண்டபம் கிடைத்தாயிற்று, நாவல் எங்கே?

போன மாதம் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். கையில் அழைப்பிதழின் மாதிரி. தலைவர், பிரதம அதிதி, முதற்பிரதி பெறுபவர் எல்லாரும் அதில் வரிசையாக இருந்தார்கள். "சேர், நயவுரைக்கு உங்கட பேரப் போடட்டா?" என்று கேட்டார். நாவலைத் தாருங்கள், வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "இன்னும் மூண்டு அத்தியாயம் கிடக்கு சேர். வெளியீட்டுக்கு அஞ்சு கிழமை இருக்குத்தானே" என்றார்.

இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர். இதே வேலையைச் செய்தவன்தான் நானும். அதனால் ஏசவும் முடியவில்லை, பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

தினமும் எழுதுங்கள், சந்திப்பிழை பாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விடுகிறேன். நாவல் எழுதி வெளியிடுகிறவர்கள் விழுகிற சில குழிகளை மட்டும் சொல்கிறேன்.

திகதியை முதலில் குறிப்பது

முற்பணம் தந்து நாவல் எழுதச் சொல்லும் பதிப்பகம் நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? பெரும்பாலும் நாமே கடன்பட்டு 300, 500 என்று அடிக்கிறோம். வெளியீட்டு விழாவில் கடித உறையில் வருகிற காசுதான் அச்சகக் கணக்கில் பாதியையாவது தீர்க்கும். அதனால் விழா பெரிதாகி, நாவல் அதற்குக் கொண்டுபோகிற சீர்வரிசை மாதிரி ஆகிவிடுகிறது.

எனக்கு ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை நாளில் மண்டபம் கிடைத்தது. கொழும்பிலிருந்து வர வேண்டிய பிரதம அதிதிக்கும் அந்த ஒரு நாள்தான் வசதி. மனைவியின் காப்பு ஒரு சோடி ஈட்டுக்குப் போனது. 500 பிரதிக்குச் சொல்லிவிட்டேன். கடைசி நாலு அத்தியாயங்களும் 11 இரவுகளில் எழுதியவை. பகலில் பள்ளிக்கூடம், இரவில் என் நாவலில் வரும் 1978 மட்டக்களப்புச் சூறாவளி.

நவம்பர் 23 இரவைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். மேசைக்குக் கீழே எங்களை உம்மென்று இருத்திவிட்டு அம்மா கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இவ்வளவு தெரிந்தவனுக்குச் சரிபார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

சூறாவளிக்கு முதல் நாள் என் கதாநாயகன் பஸ்ஸில் கல்லடிப் பாலத்தைக் கடந்து டவுனுக்குப் போகிறான். பாலத்தின் நடுவில் எதிரே ஒரு லொறி வருகிறது. இரண்டும் விலகிப் போகின்றன, சாரதிகள் கையசைத்துக்கொள்கிறார்கள். நல்லாய் வந்த இடம் என்று எனக்கே பெருமை. ஆனால் 1978 இல் அங்கே இருந்தது பழைய இரும்புப் பாலம். ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை மற்றப் பக்கம் காத்து நிற்க வேண்டும். இரண்டு வாகனம் விலகக்கூடிய புதுப் பாலத்தை 2013 இல்தான் திறந்தார்கள். எழுதிய நாட்களில் தினமும் புதுப் பாலத்தால் பள்ளிக்கூடம் போய்வந்தேன். மனம் 1978 இல் இருக்க, கை காலையில் கண்ட பாலத்தை எழுதிவிட்டது.

விழா முடிந்து மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் தொலைபேசி எடுத்தார். "தம்பி, உங்கட லொறி ஆத்துக்குள்ளதான் விழுந்திருக்கும்" என்றார். நாவல் எப்படி என்று கேட்டேன். அந்தப் பக்கத்துக்கு மேல் வாசிக்கவில்லையாம்.

இரண்டு மாதம் அந்த அத்தியாயத்தை லாச்சிக்குள் போட்டுவிட்டு எடுத்திருந்தால் நானே பிடித்திருப்பேன். போயா நாள் எனக்கு அந்த இரண்டு மாதத்தைத் தரவில்லை.

அதே அவசரத்தில் பிறந்தது இன்னொன்று. நான் தட்டியது பாமினியில். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகம் ஒட்டிய எழுத்துரு. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுகிறபோது, இடையில் உண்மையாகவே ஆங்கிலத்தில் தட்டிய சொற்களும் தமிழ் வேடம் போட்டுக்கொள்ளும். என் நாவலின் கடைசிப் பகுதியில் பேரன் பேஸ்புக் பார்க்கிறான். அதை ஆங்கிலத்தில் தட்டியிருந்தேன். புத்தகத்தில் அவன் "குயஉநடிழழம" பார்க்கிறான். என் பழைய மாணவி ஒருத்தி, இது மட்டக்களப்புப் பழஞ்சொல்லா என்று மரியாதையாகக் கேட்டாள்.

இறுதிப் புரூப் என் கைக்கு வந்தபோது இரவு ஏழு மணி. விடிந்தால் அச்சுக்கு ஏற வேண்டும். நான் பார்த்தது அட்டையையும் பின்னட்டையில் என் படத்தையும்தான். அச்சகத்தைக் குறைசொல்லி ஒரு வருடம் திரிந்தேன். அவர்கள் பார்க்கத் தந்தார்கள், பார்க்காதவன் நான்.

ஆகவே தம்பிமாரே, புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகு மண்டபத்தைக் கேளுங்கள். எழுத்துரு மாற்றிய பிறகு வருகிற படியைத் தாளில் எடுத்து, முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசியுங்கள். கதை நடக்கும் காலத்தில் அந்த இடத்தில் வாழ்ந்த ஒருவரிடம் அந்தப் பகுதியைக் கொடுங்கள். பேராசிரியர் தேவையில்லை, பஸ் சாரதி போதும். அதிதி கிடைக்கமாட்டாரே என்கிறீர்களா? கிடைக்காவிட்டால் போகட்டும். அவர் எப்படியும் காரில் வரும்போது பின்னட்டையைத்தான் வாசிக்கப் போகிறார்.

எல்லாரையும் ஒரே நாக்கால் பேசவைப்பது

படுவான்கரையில் வயல் வைத்திருக்கும் போடியாரும் காத்தான்குடிப் புடவைக்கடை முதலாளியும் ஒரே மாதிரிக் கதைக்கமாட்டார்கள். உம்மா, வாப்பா, காக்கா என்று மூன்று சொல்லைத் தூவினால் முஸ்லிம் பாத்திரம் வந்துவிடாது. உரையாடலை அந்த ஊர் ஆளிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தால் அதை வெட்டுங்கள். வட்டார வழக்குக்குப் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்புப் போடுவது இன்னொரு வியாதி. "என்னகா" என்றால் என்ன என்று வாசகர் இரண்டாம் பக்கத்தில் பிடித்துக்கொள்வார்.

நாலு அணிந்துரை

ஒன்று போதும். அதுவும் நாவலை வாசித்தவரிடம் வாங்குங்கள்.

உரிமையை எழுதிக் கொடுப்பது

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருடங்களுக்கு நாவலின் உரிமை இருக்கும். உங்கள் செலவில் அடித்த புத்தகத்தில் "பதிப்புரிமை: பதிப்பகத்துக்கு" என்று போட எதற்காக விடுகிறீர்கள்?

திருத்தத் தாள் ஒட்டுவது

மிஞ்சிய 300 சொச்சப் பிரதிகளிலும் நான் ஒட்டினேன். கோதுமை மாப் பசை. கட்டிலுக்குக் கீழே கிடந்தவற்றில் கரப்பான் முதலில் தின்றது திருத்தத் தாளை. லொறி இன்னும் பாலத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது.