சபையை விட்டுப் போகாமல் தன்பாலீர்ப்பாளர் பக்கம் நிற்பது எப்படி?

சிங்கப்பூரில் ஞாயிறு தவறாமல் தமிழ் ஆராதனைக்குப் போகிறீர்கள், வீட்டுக்கூட்டத்தில் இருக்கிறீர்கள், ஒருவேளை ஞாயிறு பள்ளியில் பாடமும் எடுக்கிறீர்கள். நீங்கள் தன்பாலீர்ப்பாளர் இல்லை. ஆனால் அப்படி இருக்கும் தம்பி தங்கைகளைப் பற்றிச் சபையில் பேசுகிற பேச்சு உங்களுக்கு ஒத்துவரவில்லை, சபையை விட்டுப் போகவும் மனசில்லை. அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். "அதான் 377ஏ-வை எடுத்தாச்சே, இன்னும் என்ன வேணுமாம்?" என்று ஓர் அங்கிள் நிச்சயம் கேட்பார். ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கி 1938-இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பிரிவு அது. 2007-இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியபோதுகூடத் தப்பித்து, 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் ரத்தாகி, 2023 ஜனவரி 3 முதல் இல்லாமல் போனது. சரி, ஆனால் நாடாளுமன்றம் அதை ரத்து செய்த அதே நாளில் அரசமைப்புத் திருத்தம் ஒன்றும் நிறைவேறியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடப்பதுதான் திருமணம் என்ற வரையறையை அரசமைப்பைக் காட்டி நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது, மாற்றுவதென்றால் நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். கல்யாணம் இல்லாததால் தம்பதியாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது, 35 வயது வரை காத்திருந்து தனியாட்களாகத்தான் வாங்க வேண்டும். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் வயது, இனம், சமயம், உடற்குறை என்று நீளமாகப் பட்டியல் போட்டதே, பாலீர்ப்பு அதில் இல்லை. அங்கிளுக்கு இவ்வளவு போதும். சத்தம் போடாமல் சொல்லிவிட்டுக் காப்பி எடுக்கப் போய்விடுங்கள்.

இனி சொல்வதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஒருவர் உங்களை நம்பிச் சொன்னதை யாரிடமும் சொல்லாதீர்கள். அவர் சம்மதம் இல்லாமல் உங்கள் மனைவியிடமோ கணவரிடமோகூடச் சொல்லக்கூடாது, பாஸ்டரிடம் கூடவே கூடாது. நம் சபைகளில் ரகசியம் பெரும்பாலும் ஜெபக் குறிப்பாகத்தான் வெளியே போகிறது. "ஒரு தம்பிக்காக ஜெபிச்சுக்கோங்க, பேர் வேண்டாம், இப்பதான் பாலிடெக்னிக் முடிச்சான், அப்பா பாடகர் குழுவில இருக்கார்." இதற்கு மேல் பேர் எதற்கு? இங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருப்பதே கொஞ்சப் பேர்தான், காலையில் வாட்ஸ்அப் குழுவில் விழுந்தது சாயங்காலத்துக்குள் நாகர்கோவில் பெரியம்மா காதுக்குப் போய்விடும், ராத்திரியே போன் வரும், அந்தப் பையனோ இன்னும் அப்பா அம்மா வீட்டில்தான் இருக்கிறான், கோபம் வந்தால் போய்ப் படுக்க அவனுக்கு வேறு இடம் கிடையாது. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக்கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கூட்டத்தில் கேலி கிளம்பினால், "நம்ம சபையிலேயே அப்படி ஒருத்தர் இருக்கார் தெரியுமா" என்று உணர்ச்சிவசப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள், உடனே எல்லாரும் யார் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். "எனக்கு இது சிரிப்பா இல்லைண்ணே" என்றால் போதும். திட்டு உங்கள் மேல் விழட்டும், உங்களால் தாங்க முடியும். "எப்ப கல்யாணச் சாப்பாடு?" என்று ஆன்ட்டிகள் யாரையாவது வளைத்து நிற்கும்போது நடுவில் புகுந்து பேச்சை மாற்றுவதும் இதில் சேர்த்திதான்.

வேதத்தை வைத்து வாதாட வேண்டுமென்றால் குழுவில் வேண்டாம், தனியாக, ஒரே ஒருவரோடு உட்காருங்கள். கூட்டத்தின் முன்னால் யாரும் மனம் மாற மாட்டார்கள். தன்பாலீர்ப்புக்கு எதிராகக் காட்டும் லேவியராகமம் 18, ரோமர் 1, 1 கொரிந்தியர் 6 எல்லாம் வரும், தெரியாத மாதிரி நழுவாதீர்கள். சோதோமின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16:49 சொல்வதை எடுத்துக் காட்டுங்கள்: கர்வம், வயிறு நிறைந்த வாழ்வு, எளியவரைக் கைதூக்கி விடாதது. அப்புறம் ஏசாயா 56. உபாகமம் 23:1 சபைக்கு வெளியே நிறுத்திய அண்ணகரிடம் (ஆண்மை நீக்கப்பட்டவரிடம்), உன்னைப் பட்டமரம் என்று சொல்லிக்கொள்ளாதே என்று கர்த்தரே சொல்கிறார். அண்ணகரும் தன்பாலீர்ப்பாளரும் ஒன்றில்லை, அதை நீங்களே முந்திக்கொண்டு ஒத்துக்கொள்ளுங்கள். வெளியே நிறுத்தப்பட்டவரைக் கர்த்தர் உள்ளே கூப்பிட்டார் என்பதுதான் அங்கே பேச வேண்டியது. மெதடிஸ்ட் பெரியவர்களிடம் யாப் கிம் ஹாவ் பெயரைச் சொல்லலாம். மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்ட் சபைக்கு முதல் ஆசியப் பேராயராக இருந்தவர், முதிர்ந்த வயதில் தன்பாலீர்ப்பாளரை வெளிப்படையாக ஆதரித்தவர், 2017-இல் காலமானார்.

பெற்றோர் விஷயம் வேறு மாதிரி. அம்மாவுக்குப் பயம்தான் அதிகம்: பிள்ளை நரகத்துக்குப் போய்விடுமோ, ஊர் என்ன சொல்லும், நாம் எங்கே தவறினோம். அந்த நேரத்தில் வசனம் உதவாது. போய் உட்காருங்கள், அழுதால் அழட்டும். ஜெபித்துப் பிள்ளையின் ஈர்ப்பை மாற்றிவிடலாம், விடுதலை ஊழியம் என்று சென்னைக்குக் கூட்டிப்போகத் துடிப்பார்கள், அதற்கு மட்டும் ஒத்து ஊதாதீர்கள். இப்படி மாற்றுவதையே பல பத்தாண்டுகள் வேலையாக வைத்திருந்த எக்ஸோடஸ் என்ற அமெரிக்க அமைப்பே 2013-இல் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்திவிட்டது என்று அப்பாவிடம் சொல்லுங்கள், அப்பாக்கள் இந்த மாதிரித் தகவலைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பார்கள். பிள்ளைக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் தன்பாலீர்ப்பாளருக்கான ஊகாசாகா என்ற அமைப்பு ஆலோசனை தருகிறது.

தன்பாலீர்ப்பாளருக்கு ஆதரவாகக் கூடும் பிங்க் டாட் நிகழ்ச்சிக்குப் போகலாமா? போகலாம், போகாவிட்டாலும் குறையில்லை. 2009-இலிருந்து ஹொங் லிம் பூங்காவில் நடக்கிறது, ஆனால் 2017 முதல் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான் அனுமதி. நம் சபைகளில் வொர்க் பாஸில், ஸ்டூடண்ட் பாஸில் இருக்கும் தம்பிகள் நிறைய, ஆசையாகக் கேட்டாலும் அழைத்துப் போகாதீர்கள், சிக்கல் அவர்களுக்குத்தான். அங்கே எடுத்த படத்தைப் போடுவதானால் உங்கள் முகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாஸ்டர் கூப்பிட்டு விசாரித்தால் தனியாகப் போங்கள், உங்கள் நம்பிக்கைக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "யார் உங்ககிட்ட சொன்னது?" என்றால், "அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, பாஸ்டர்." ஞாயிறு பள்ளியிலிருந்து கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கச் சொல்லலாம். வலிக்கும். அந்தக் கோபத்தை உங்கள் நண்பரிடம் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள், தன்னால்தான் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

நீங்கள் இவ்வளவு செய்தும் அவர், தன்பாலீர்ப்பாளரை வெளிப்படையாக ஏற்கும் ஃப்ரீ கம்யூனிட்டி சர்ச் மாதிரி ஓர் இடத்துக்கே போய்விடுகிறேன் என்றால், இருங்க என்று பிடித்து இழுக்காதீர்கள். முதல் ஞாயிறு துணைக்கு வரட்டுமா என்று மட்டும் கேளுங்கள்.