சட்ட நூலகத்தில் தீர்ப்பைத் தேடுவதும், அது இன்னும் நிற்கிறதா என்று பார்ப்பதும்

சட்டக் கல்லூரி நூலகத்தை வெறும் படிப்பறையாகவே பயன்படுத்திவிட்டு வெளியே வந்துவிடுகிறவர்கள் நிறைய பேர். மின்விசிறிக்குக் கீழே ஓர் இடம், கையில் சொந்த நோட்டு, பரீட்சை முடிந்தால் அந்தப் பக்கமே போவதில்லை. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் ஒரு மூட் கோர்ட்டில் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்தில்), செல்போன் காணொளியைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாமா என்ற வாதத்துக்கு 2018-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை நம்பிக்கையோடு எடுத்துக் காட்டினேன். நடுவராக வந்திருந்த வழக்கறிஞர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இது இன்னும் நிக்குதா, பார்த்தீங்களா?" நான் பார்க்கவில்லை. தீர்ப்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, அது இன்றைக்கும் சட்டமாக இருக்கிறதா என்று உறுதி செய்வதுதான் மீதிப் பாதி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இந்த இரண்டாவது பாதிக்கு நூலகத்தை விட நல்ல இடம் கிடையாது. முதல் இரண்டு வருடத்தில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் உதவியிருக்கும் என்று நினைப்பதை இங்கே எழுதுகிறேன்.

தேடுவதற்கு முன்னால்

கணினியையோ அலமாரியையோ தொடுவதற்கு முன் ஒரு தாளில் கேள்வியை எழுதுங்கள். "மின்னணுச் சாட்சியம்" என்பது கேள்வி ஆகாது, அது தலைப்பு. "செல்போனில் எடுத்த காணொளியை பென் டிரைவில் நகலெடுத்துத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயமா?" என்பதுதான் கேள்வி. கேள்வி இந்த அளவுக்குக் கூர்மையாக இருந்தால் தேடும் சொற்கள் தானாகவே கிடைத்துவிடும்.

அதோடு சம்பவம் நடந்த தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சம்ஹிதா, குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா, 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்று மூன்றும் மாறிவிட்டன. அந்தத் தேதிக்கு முன் நடந்த கொலைக்கு இன்றைக்கும் பழைய 302-ஆம் பிரிவுதான், பின்னால் நடந்தால் புதிய 103. ஆனால் நூலகத்தில் இருக்கும் தீர்ப்புகளில் பெரும்பாலானவை பழைய எண்களில்தான் இருக்கும். அதனால் புதிய பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் நூறு வருடத்துச் சட்டம் உங்கள் கண்ணிலேயே படாது. பழைய எண், புதிய எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடுங்கள். ஒப்பீட்டு அட்டவணை ஒன்று அநேகமாக எல்லா சட்ட நூலகத்திலும் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

தீர்ப்பில் ஆரம்பிக்காதீர்கள்

இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனாலும் சொல்கிறேன். தெரியாத ஒரு விஷயத்தில் நேராகத் தீர்ப்புக்குள் குதித்தால் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிடும். முதலில் பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகத்தை மட்டும் அச்சிட்ட புத்தகம்), பிறகு ஒரு நல்ல விளக்க நூல், அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. விளக்க நூலில் பிரிவு வாரியாக, எந்த வழக்கு எதைத் தீர்மானித்தது என்று ஏற்கெனவே யாரோ உட்கார்ந்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் அடிக்குறிப்புகளிலிருந்து நான்கைந்து வழக்குகளின் பெயரைக் குறித்துக்கொண்டால் போதும், அதுதான் உங்கள் நுழைவாயில். பொருளுக்கு ஓர் எண் கொடுக்கும் டியூயி முறையில் அடுக்கியிருக்கும் நூலகம் என்றால் சட்டம் 340-இல் தொடங்கும்: அரசியலமைப்பு 342, குற்றவியல் 345, உரிமையியல் நடைமுறை 347. புத்தகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் அந்த வரிசையில் போய் நின்று பார்த்தாலே சரியான புத்தகம் கையில் வந்து சேரும்.

பேர் ஆக்டை எடுக்கும்போது எந்த ஆண்டுப் பதிப்பு என்று முதல் பக்கத்தைப் பாருங்கள், பிரிவுக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்து அடிக்குறிப்பையும் விடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் காவல் நிலையங்களில் அந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகிக்கொண்டே இருந்தது, 2021-இல் உச்ச நீதிமன்றமே இதைக் கேட்டு அதிர்ச்சி தெரிவித்தது. புத்தகத்தில் பிரிவு அச்சிடப்பட்டிருக்கிறது என்பதால் அது உயிரோடு இருக்கிறது என்று ஆகாது. சட்ட வாசகத்தின் நடப்பு நிலைக்கு மத்திய அரசின் இந்தியா கோட் தளம் இலவசமாகவே இருக்கிறது, அதையும் அரசிதழையும் வைத்து ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜர்னல் அலமாரியில்

முதல் தடவை போகிறவர்களை மிரட்டுவது இந்தப் பகுதிதான். சுவர் முழுக்க ஒரே நிறத்தில் தடித்தடியான தீர்ப்புத் தொகுதிகள். பயப்பட வேண்டாம், குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை.

ஓர் உதாரணம். சென்னை மாகாணத்தின் இட ஒதுக்கீட்டு அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கு. இதை "ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226" என்று எழுதுவார்கள். ஆல் இந்தியா ரிப்போர்ட்டர், 1951-ஆம் ஆண்டு, உச்ச நீதிமன்றப் பகுதி, 226-ஆம் பக்கம். அதே வழக்கில் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு "ஏ.ஐ.ஆர். 1951 மெட்ராஸ் 120". ஒரே ஆண்டுதான், ஆனால் ஏ.ஐ.ஆரில் ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் பக்க எண் தனித்தனியாக ஓடும், அதனால் உச்ச நீதிமன்றத் தொகுதியை எடுத்துக்கொண்டு 120-ஆம் பக்கத்தைப் புரட்டினால் வேறு ஏதோ ஒரு வழக்குதான் இருக்கும். தொகுதியின் முதுகில் ஆண்டோடு நீதிமன்றத்தின் பெயரும் இருக்கும், இரண்டையும் பார்த்து எடுங்கள். இதே தீர்ப்பு அதிகாரபூர்வமான எஸ்.சி.ஆரில் (சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்) 1951-ஆம் ஆண்டுத் தொகுதியின் 525-ஆம் பக்கம். 1969-இல் தொடங்கிய எஸ்.சி.சி.யின் (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) முறை வேறு: "(2020) 7 எஸ்.சி.சி. 1" என்றால் 2020-ஆம் ஆண்டு, 7-ஆம் தொகுதி, முதல் பக்கம். 2023-இலிருந்து உச்ச நீதிமன்றம் எந்தப் பதிப்பாளரையும் சாராத பொது எண் ஒன்றையும் தன் தீர்ப்புகளுக்குக் கொடுக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டுமென்றால் 1891-இலிருந்து வரும் மெட்ராஸ் லா ஜர்னல், 1914-இல் தொடங்கிய லா வீக்லி, இவற்றின் வரிசைக்குப் போங்கள். பழைய காலத்து உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு 1876-இலிருந்து வரும் ஐ.எல்.ஆர். (இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்) இருக்கிறது.

இன்னொன்று: இந்த வருடத்துத் தொகுதி அலமாரியில் இருக்காது. புதிதாக வந்த இதழ்கள் பைண்டிங் ஆகும் வரை தனி மேசையிலோ தனி ரேக்கிலோ உதிரியாகக் கிடக்கும், சில சமயம் பைண்டரிடம் போயிருக்கும். அலமாரியில் இல்லை என்றதும் திரும்பி வந்துவிடாமல் உதிரி இதழ்கள் எங்கே என்று கேளுங்கள்.

தீர்ப்பைத் திறந்ததும் மேலே சுருக்கமாக இருக்கும் ஹெட்நோட்டில் கண் போகும். அது எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மட்டும்தான். பதிப்பாசிரியர் எழுதியதை நீதிமன்றம் சொன்னதாக மேற்கோள் காட்டாதீர்கள். உள்ளே பத்தி எண்ணுக்குப் போய்ப் படியுங்கள், அதிலும் அந்தப் பத்தி நீதிபதியின் முடிவா அல்லது ஒரு தரப்பு வழக்கறிஞர் வாதிட்டதை நீதிபதி திருப்பிச் சொல்கிறாரா என்று பாருங்கள். தோற்றுப்போன வாதத்தை எடுத்து நீதிமன்றத்தின் கருத்து என்று எழுதிய எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன்.

கட்டணத் தளமும் இலவசத் தளமும்

எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற தளங்களுக்குப் பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருக்கும். கட்டியிருக்கிறதா, வீட்டிலிருந்து நுழைய முடியுமா, உங்களுக்குத் தனிக் கணக்கு உண்டா என்று சேர்ந்த முதல் வாரமே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் பல இடங்களில் அது வளாகத்துக்குள் மட்டும் வேலை செய்யும், கட்டுரை கொடுக்க வேண்டிய கடைசி நாள் இரவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. இலவசமாக வேண்டும் என்றால் இந்தியன் கானூன் இருக்கிறது, எஸ்.சி.ஆரின் இணைய வடிவமான உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். 2023 ஜனவரியிலிருந்து இருக்கிறது. பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உச்ச நீதிமன்றத் தளத்திலேயே கிடைக்கிறது, விஷயத்தைப் புரிந்துகொள்ள அது நல்ல துணை, மேற்கோளுக்கு மட்டும் ஆங்கில மூலத்துக்குப் போங்கள்.

நிற்கிறதா?

சரி, நான் பதில் சொல்ல முடியாமல் நின்ற அந்தக் கேள்விக்கு வருகிறேன். இந்த ஒன்றை முழுசாகப் பார்த்தால் முறை விளங்கிவிடும்.

சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 மூலம் உள்ளே வந்தது. கணினியில் இருப்பதன் நகலைத் தாக்கல் செய்தால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும் என்றது. 2005-இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், அதாவது நவ்ஜோத் சந்து வழக்கில், இரண்டு நீதிபதிகள் சான்றிதழ் இல்லாமலும் வேறு வழியில் நிரூபிக்கலாம் என்றார்கள். 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் மூன்று நீதிபதிகள், இல்லை, சான்றிதழ் வேண்டும் என்று சொல்லி முந்தையதை மாற்றினார்கள். 2018-இல் ஷாஃபி முகமது வழக்கில் இரண்டு நீதிபதிகள், கருவி தன் கையில் இல்லாதவருக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை என்று தளர்த்தினார்கள். நான் எடுத்துக்கொண்டு போனது இதைத்தான். 2020 ஜூலை 14-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அன்வர் வழக்கில் சொன்னதுதான் சரி என்று உறுதிசெய்து, ஷாஃபி முகமது தீர்ப்பைத் தள்ளினார்கள். மூலக் கருவியையே நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைத்தால் சான்றிதழ் வேண்டியதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். இப்போது புதிய சட்டத்தில் இது 63-ஆம் பிரிவு, சான்றிதழின் படிவமே அட்டவணையில் இருக்கிறது, தாக்கல் செய்பவர் ஒரு பகுதியையும் நிபுணர் ஒரு பகுதியையும் நிரப்ப வேண்டும்.

பதினைந்து வருடத்தில் நான்கு திருப்பம். இதில் எந்த ஒரு தீர்ப்பைத் தனியாக எடுத்துப் படித்தாலும் அது முழு உறுதியோடுதான் பேசும், தான் பின்னால் தள்ளப்பட்டதை அது எப்படிச் சொல்லும்? அதனால்தான் ஒவ்வொரு தீர்ப்புக்கும் மூன்று விஷயம் பாருங்கள். எத்தனை நீதிபதிகள் என்பது ஒன்று, ஏனென்றால் சிறிய அமர்வு பெரிய அமர்வை மாற்ற முடியாது. அதற்குப் பின் வந்த தீர்ப்புகள் இதை ஏற்றனவா, வேறுபடுத்திக் காட்டினவா, மாற்றினவா என்பது இரண்டு. கட்டணத் தளங்களில் இதற்குத் தனி வசதி உண்டு, அச்சில் என்றால் டைஜஸ்ட்களின் (தீர்ப்புச் சுருக்கத் தொகுப்புகளின்) பின்பகுதியில் இருக்கும் வழக்குப் பட்டியல். இலவசத் தளத்தில் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டிய மற்ற தீர்ப்புகளின் பட்டியலைத் திறந்து, மிகப் புதியதிலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள், நேரம் பிடிக்கும் ஆனால் வேலை நடக்கும். சட்டமே திருத்தப்பட்டுவிட்டதா என்பது மூன்றாவது. இட ஒதுக்கீட்டு அரசாணை செல்லாது என்ற செண்பகம் துரைராஜன் தீர்ப்புக்கு அதுதான் நடந்தது, அதே 1951-இல் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் கொடுக்கும் 15(4) சேர்ந்தது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் வழக்கின் பெயரும் எண்ணும் அழகாகக் கொடுக்கும். 2023-இல் நியூயார்க்கில் அப்படிக் கிடைத்த, உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகளை மனுவில் போட்ட வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. பெயர் எங்கிருந்து கிடைத்தாலும் சரி, அந்தப் பக்கத்தைத் திறந்து உங்கள் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள்.

நூலகரிடம் என்ன கேட்கலாம்

நாம் நினைப்பதை விட நிறையக் கேட்கலாம். நீங்கள் தேடும் கட்டுரை இந்த நூலகத்தில் இல்லை என்றால் டெல்நெட் போன்ற கூட்டமைப்பு வழியாக வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியும், அதற்குச் சில நாள் ஆகும் என்பதால் முன்கூட்டியே சொல்லுங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் இலவசம், உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க அதை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. ஒரு பிரிவு ஏன் இப்படி எழுதப்பட்டது என்ற கேள்விக்கு சட்ட ஆணைய அறிக்கைகளைக் கேளுங்கள், உதாரணமாகச் சாட்சியச் சட்டத்துக்கு 1977-இல் வந்த 69-ஆவது அறிக்கையும் 2003-இல் வந்த 185-ஆவது அறிக்கையும். அரசியலமைப்பு என்றால் அரசியல் நிர்ணய சபை விவாதத் தொகுதிகள்.

நூலகரிடம் போகும்போது "எலக்ட்ரானிக் எவிடன்ஸ் புத்தகம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். தாளில் எழுதிய அந்தக் கேள்வியைக் காட்டுங்கள், இதுவரை எங்கெல்லாம் தேடினீர்கள், என்ன கிடைத்தது என்பதையும் சொல்லுங்கள். எனக்கு உதவிய நூலகர் அந்தத் தாளை வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு, பேசாமல் எழுந்து போய் உதிரி இதழ்கள் மேசையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து, பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பு.

வெளியே கிளம்புவதற்கு முன் தேடியதை எல்லாம் தேதியோடு குறித்து வையுங்கள்: எந்தத் தளம், என்ன சொற்கள், எந்தத் தீர்ப்பை எந்தத் தேதி வரை சரிபார்த்தீர்கள். கட்டுரை கொடுக்கும் நாளிலோ வாதாடும் நாளின் காலையிலோ, அந்தத் தேதிக்குப் பிறகு வந்ததை மட்டும் பார்த்தால் போதும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.