புது ஏஞ்சல் மீன் சாப்பிடவில்லையா? தீனியை மாற்றும் முன் பார்க்க வேண்டிய தவறுகள்

கடைத் தொட்டியில் பாய்ந்து பாய்ந்து தின்ற ஏஞ்சல் மீன், வீட்டுக்கு வந்ததும் ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும், போட்ட தீனியைத் திரும்பியும் பார்க்காது. உடனே வேறு தீனி வாங்குகிறோம். அதற்கும் மசியாவிட்டால் கடைக்காரர் தரும் நீல மருந்தை ஊற்றுகிறோம். பெரும்பாலான வீடுகளில் குறை தீனியிலும் இல்லை, நோயிலும் இல்லை. தண்ணீர் சரியில்லை, அல்லது மீன் பயந்துபோயிருக்கிறது.

தவறு பெரும்பாலும் கடையிலேயே தொடங்குகிறது. சரக்கு இறங்கிய அன்றே மீன் வாங்காதீர்கள். வண்ண மீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் பண்ணையிலிருந்து பையில் வந்து இறங்கிய மீனை, மறுநாளே இன்னொரு பையில் கட்டித் தூக்கினால் அது எப்படித் தேறும்? கடைத் தொட்டியில் ஒரு வாரமாவது இருந்த மீனாகக் கேளுங்கள். உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். முந்திக்கொண்டு வரும் மீனையே எடுங்கள். நெற்றி ஒட்டி, வயிறு உள்வாங்கிய மீன் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். துடுப்பைச் சேர்க்காமல் உடல் மட்டும் ஐந்து ரூபாய் நாணய அளவாவது இருக்கட்டும். அதைவிடப் பொடிக் குஞ்சு பட்டினி தாங்காது. கிளம்பும் முன் இரண்டு கேள்விகள்: என்ன தீனி போடுகிறீர்கள், தொட்டியில் போர் தண்ணீரா, வேறு தண்ணீரா?

அடுத்தது பை. பையில் இருக்கும் மீன் கரியமில வாயுவையும் அமோனியாவையும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். கரியமில வாயு சேரச் சேரத் தண்ணீரின் பிஎச் (அமில-காரத்தன்மை அளவு) இறங்கும். பிஎச் தாழ்ந்திருக்கும்வரை அமோனியாவில் பெரும்பகுதி தீங்கு குறைந்த அமோனியம் வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறத் தொடங்கும். பிஎச் ஒரு புள்ளி ஏறினாலே நச்சு அமோனியா ஏறக்குறைய பத்து மடங்காகும். அதனால் வெளியூரிலிருந்து பல மணி நேரம் பயணித்து வந்த பையைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது நல்லதல்ல. கட்டிய பையை 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் பிரித்து, வலையால் மீனை எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பக்கத்துக் கடையிலிருந்து அரை மணியில் வந்த மீன் என்றால், பையைப் பிரித்தபின் ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர் என மூன்று நான்கு முறை சேர்க்கலாம். எப்படியானாலும் பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

தொட்டி ஒன்று ஏற்கெனவே ஓடுகிறதென்றால், புது மீனை நேராக அதில் விடாமல் 40 முதல் 60 லிட்டர் தனித் தொட்டியில் மூன்று வாரமாவது வையுங்கள். பழைய தொட்டியில் ஓடிய ஸ்பான்ஞ் ஃபில்டரை அதில் போட்டால் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்குவது. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாகும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் அது மீனுக்கு ஆகாத தண்ணீர். அமோனியா கொஞ்சம் ஏறினாலே முதலில் போவது பசிதான். பிறகு மீன் மேல்மட்டத்துக்கு வந்து வேகமாக மூச்சு வாங்கும். சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். மூன்று வகைத் தீனி டப்பா வாங்குவதைவிட அது மேல். அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு 40 மி.கி.) கீழே இருக்க வேண்டும். அவசரப்பட்டு மீனை வாங்கியாகிவிட்டதா? தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் ஆன்டி குளோரின் விடுங்கள், அல்லது ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பான்ஞ் ஒன்று கிடைத்தால் அதுவே பெரிய உதவி. அழுக்காக இருக்கிறதே என்று அதைக் குழாயடியில் கழுவிவிடாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

இதற்கு நேர்மாறாக, தண்ணீரை ஓயாமல் ‘சரிசெய்பவர்கள்’ இருக்கிறார்கள். ஏஞ்சல் அமேசான் மீன், அதற்கு மென்தண்ணீர் (உப்புகள் குறைந்த தண்ணீர்) வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, குடிக்கும் கேன் தண்ணீரை முழுத் தொட்டிக்கும் ஊற்றுவார்கள். கடையில் கிடைக்கும் ஏஞ்சல் பெரும்பாலும் பல தலைமுறையாகப் பண்ணையில் வளர்ந்தது. நம்மூர்ப் பண்ணை மீனுக்குக் கடினத் தண்ணீர் பழக்கம்தான். டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 800 உள்ள தண்ணீரிலிருந்து 50 உள்ள தண்ணீருக்கு ஒரே நாளில் மாற்றினால் உடலின் உப்புச் சமநிலை குலையும். போதாக்குறைக்கு, உப்புச்சத்து நீக்கிய தண்ணீரில் பிஎச்சைத் தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லாததால் அது திடீரென்று சரியும். பிஎச் 6.5 முதல் 7.8 வரை எதுவானாலும் நிலையாக இருந்தால் போதும். வெப்பம் 26 முதல் 28 டிகிரி. ஊட்டி, கொடைக்கானலில் ஹீட்டர் இல்லாமல் இந்த மீனை நினைக்கவே வேண்டாம். மற்ற ஊர்களிலும் மார்கழி இரவில் தண்ணீர் 24-க்குக் கீழே போனால் மீன் மந்தமாகித் தீனியை விடும்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டையான இந்த உடல், நீருக்குள் நிமிர்ந்து நிற்கும் வேர்களுக்கும் தண்டுகளுக்கும் இடையே ஒளிவதற்கு ஏற்றது. ஒரு செடிகூட இல்லாமல் நான்கு பக்கமும் திறந்து, மேலே பளீரென்று எல்இடி எரியும் தொட்டியில் அதற்கு ஒளிய இடமே இல்லை. உடலில் கரும்பட்டைகள் அழுத்தமாகத் தெரிவது அந்தப் பதற்றத்தின் அடையாளம். பின்பக்கமும் ஒரு ஓரமும் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும் மரக்கட்டையோ, வாலிஸ்நேரியா, அமேசான் ஸ்வோர்டு செடிகளோ வையுங்கள். தொட்டி உயரம் 45 செ.மீ. இருக்கட்டும். பவர் ஃபில்டரின் வேகம் மீனைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். தள்ளினால் ஃபில்டரின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். முதல் நாள் விளக்கே வேண்டாம். கண்ணாடியைத் தட்டும் குழந்தைகளை மட்டும் எப்படியாவது சமாளியுங்கள்.

இப்போது தீனி. வந்த அன்று எதுவும் போடாதீர்கள். நாணய அளவு மீன் மூன்று நாள் சாப்பிடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. வளர்ந்த மீன் ஒரு வாரம் தாங்கும். சாப்பிடாத மீனின் முன் கொட்டிய தீனி அழுகி அமோனியாவாகும், அமோனியா பசியை அடக்கும், மீன் இன்னும் சாப்பிடாது. நாம் இன்னும் கொட்டுவோம்!

மறுநாள், விளக்கு போட்டு அரை மணி கழித்து, ஒரு மீனுக்கு நான்கைந்து ரத்தப்புழு (மீன் தீனியாக விற்கும் சிவப்புப் புழு) மட்டும். உறைந்த ரத்தப்புழுவை ஒரு கிண்ணம் தொட்டித் தண்ணீரில் கரையவிட்டு, சிவந்த நீரைக் கொட்டிவிட்டுப் புழுவை மட்டும் போடுங்கள். போட்டதும் எட்டிப்போய் நில்லுங்கள். பத்து நிமிடத்தில் தொடாததைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அசைவதைத்தான் மீன் முதலில் நம்பும், அதனால் பிடிவாதக்கார மீனுக்குக் கொசுப்புழு நல்ல மருந்து. வலை கட்டிய வாளியில் வளர்த்து, கொசுவாகும் முன் எடுத்துவிட வேண்டும். தவறினால் மாநகராட்சிக்காரர் வந்து அபராதம் எழுதுவார். சாக்கடையில் அள்ளிய உயிர் ட்யூபிஃபெக்ஸ் (நூல் போன்ற சேற்றுப் புழு) வேண்டவே வேண்டாம். உலர்ந்த ட்யூபிஃபெக்ஸ் கட்டியை நனைத்து, கண்ணாடியின் நடு உயரத்தில் அழுத்தி ஒட்டினால் கொத்தப் பழகும்.

வாயில் வாங்கித் துப்புகிறதா? அது மறுப்பல்ல. பெல்லட் (உருண்டைத் தீனி) பெரிதாகவோ கடினமாகவோ இருக்கிறது. 1 மி.மீ. பெல்லட்டை இரண்டு நிமிடம் ஊறவைத்து ரத்தப்புழுவோடு கலந்து போடுங்கள்; பத்து நாளில் புழுவைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு மீன் மட்டும் மூலையில் நிற்கிறதென்றால், மற்ற மீன்களைக் கவனியுங்கள். இரண்டு மூன்று ஏஞ்சல் மட்டும் இருந்தால் ஒன்று ரவுடியாகும், இன்னொன்று பட்டினி கிடக்கும். ஒரே ஒரு மீன் வளருங்கள், அல்லது 200 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியில் ஐந்தாறு குஞ்சுகளாக விடுங்கள். டைகர் பார்ப் என்னும் மீன் ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறும், சேர்க்காதீர்கள்.

மருந்து கடைசியில்தான். நீல மருந்தான மெத்திலீன் ப்ளூ, ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். சாப்பிடாத மீனுக்கு அதை ஊற்றினால் மேலே சொன்ன அமோனியாக் கதை முதலிலிருந்து தொடங்கும். வெள்ளை நூல் போன்ற மலத்தைப் பார்த்ததும் புழு என்று முடிவுகட்ட வேண்டாம், காலி வயிற்று மீனும் வெறும் சளியை அப்படித்தான் கழிக்கும். தண்ணீர் அளவுகள் சரியாக இருந்து, வெள்ளை மலமும் தொடர்ந்து, மீன் ஒரு வாரத்துக்கு மேல் மெலிந்துகொண்டே போனால்தான் குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மெட்ரோனிடசோல், 40 லிட்டருக்கு 250 மி.கி. என்ற கணக்கில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் முதலில் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். மருந்துச்சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து என்பதால் கால்நடை மருத்துவரைக் கேட்டு, தனித் தொட்டியில் கொடுங்கள். மீன் கொஞ்சமாவது தின்கிற நிலையில் இருந்தால், தண்ணீரில் கரைப்பதைவிடத் தீனியில் கலந்து கொடுப்பதுதான் குடலுக்கு நன்றாகப் போய்ச் சேரும்.