செட்டிநாட்டிலிருந்து அந்தி நேர ராக்கெட்டைப் படமெடுக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்க்கோட்டில் 430 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு தூரத்திலிருந்தும், வானம் தெளிவாக இருந்தால், ராக்கெட் தெரியும். அது போகும் தடத்தை ஒரே ஒளிக்கோடாகப் படத்தில் பிடிக்கவும் முடியும். ஆனால் இதைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் ஏவுதளத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே நம்மூர்க் கண்மாய்க் கரைக்குக் கொண்டுவருவதால்தான் பல படங்கள் வீணாகின்றன.

முதலில் நேரத்தைப் பாருங்கள். ‘மாலையில் ஏவுகிறார்கள்’ என்றதும் அந்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 ஜூலை 30 அன்று நைசார் செயற்கைக்கோளுடன் ஜிஎஸ்எல்வி-எஃப்16 கிளம்பியது மாலை 5.40-க்கு. அதே ஆண்டு நவம்பர் 2-ல் எல்விஎம்3-எம்5 கிளம்பியது 5.26-க்கு. இரண்டு நாளும் அந்த நேரத்தில் இங்கே சூரியன் மறையவில்லை. அந்த வெளிச்சத்தில் ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்தால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி) போட்டு வானத்தை அடக்கலாம்தான், ஆனால் ராக்கெட்டின் தடமும் சேர்ந்தே அடங்கிவிடும். நீண்ட எக்ஸ்போஷருக்கு, அதாவது ஷட்டரைப் பல விநாடி திறந்து வைத்து எடுப்பதற்கு, ஏற்றது, சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 முதல் 10 டிகிரி இறங்கியிருக்கும் நேரம். நம் பக்கத்தில் அது மறைவுக்குப் பின் சுமார் 25 முதல் 40 நிமிடம்.

அடுத்தது இடம். செட்டிநாட்டு வீட்டின் முகப்பும் மதில்மேல் சுதைச் சிற்பங்களும் கீழே, ராக்கெட் மேலே என்று ஒரு படம் எல்லோர் மனதிலும் இருக்கும். ஆசை நியாயமானது, கணக்குத்தான் ஒத்துவராது. ராக்கெட் 100 கிலோமீட்டர் உயரம் போன பிறகும் இங்கிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் 10 டிகிரி அளவில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் எவ்வளவு மறைக்குமோ அவ்வளவுதான். 30 அடி உயர வீடு அந்த 10 டிகிரிக்குள் அடங்க வேண்டுமென்றால் நீங்கள் ஏறக்குறைய 170 அடி தள்ளி நிற்க வேண்டும். கானாடுகாத்தான் தெருவில் அதற்கு எங்கே இடம்? வடகிழக்கும் கிழக்கும் திறந்த கண்மாய்க் கரையோ, பெரிய ஊருணியின் தென்மேற்குக் கரையோ நல்லது. மழைக்காலத்தில் கரை மண் இளகியிருக்கும். ட்ரைபாட் கால் மெல்ல இறங்கினால் கோடு இரட்டையாக விழும். ஒவ்வொரு காலுக்கடியிலும் உடைந்த ஓடு ஒன்றை வைத்தால் போதும்.

கேமராவை நட்டமாகத் திருப்பி வைத்துக் காத்திருப்பதும் பக்கத்தில் நிற்பவர்களுக்கான வழக்கம். இங்கிருந்து ராக்கெட் செங்குத்தாக ஏறுவதுபோல் தெரியாது. துருவப் பாதைக்கு (பூமியை வடக்கு-தெற்காகச் சுற்றும் பாதை) போகும் பிஎஸ்எல்வி ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்காமலிருக்க முதலில் தென்கிழக்காகப் போய்ப் பிறகு தெற்கே திரும்பும். நமக்கு அது வட-வடகிழக்கில் தோன்றி, வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறி, கிழக்கை நோக்கி நகரும். ஆகவே அகலக் கோண லென்ஸ், கிடைமட்ட ஃபிரேம், வலப்பக்கம் தாராளமாக இடம்.

இன்னொன்று: பூமியின் வளைவு முதல் 15 கிலோமீட்டர் உயரத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஏவிய பிறகு ஒரு நிமிடம் வரை ஒன்றும் தெரியாது. மரமும் மூட்டமும் இருந்தால் இன்னும் தாமதமாகும். கவுண்ட்டவுன் முடிந்ததும் ஷட்டரைத் திறந்தால் வெறும் வானம்தான் பதிவாகும். கைப்பேசி நேரலையை நம்பியும் திறக்காதீர்கள், அது எப்போதும் பின்தங்கியே வரும். அறிவித்த நேரத்தை ஸ்டாப்வாட்சில் வைத்துக்கொள்வது மேல்.

இப்போது பலரும் குழம்பும் விஷயத்துக்கு வருவோம். ‘கோடு மங்கலாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைப்போம்’ என்பார்கள். நேரத்தைக் கூட்டினால் கோடு நீளும், பிரகாசமாகாது. ராக்கெட் நகர்ந்துகொண்டே இருப்பதால் சென்சாரின் ஒரு புள்ளியில் அது நிற்பது கண நேரம்தான். கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை அபெர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் உணர்திறன்). வானமோ அசையாமல் நிற்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் அதன் வெளிச்சம் சேர்ந்துகொண்டே போகும். ஆக, நேரத்தைக் கூட்டக் கூட்ட வானம்தான் வெளுக்கும், கோடு அதற்குள் கரைந்துபோகும். ஏவுதளத்துக்குப் பக்கத்தில் அபெர்ச்சரை எஃப்11, எஃப்16 என்று சிறிதாக வைப்பார்கள், அங்கே வெளிச்சம் கொட்டுகிறது. இங்கே எஃப்4, ஐஎஸ்ஓ 400-ல் தொடங்குங்கள். ஒரே நீண்ட படத்துக்குப் பதில் 4 முதல் 6 விநாடிப் படங்களை இடைவிடாமல் எடுத்து, பிறகு கணினியில் ‘லைட்டன்’ முறையில் (ஒவ்வொரு புள்ளியிலும் பிரகாசமானதை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை) அடுக்குங்கள். எக்ஸ்போஷர் கையால் பூட்டியதாகவே இருக்கட்டும், ஆட்டோ வேண்டாம்.

இப்படி எடுக்கும்போது ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அது இயங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப் படம் எடுக்கும், உங்கள் கோடு துண்டு துண்டாகிவிடும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரையும் அணைத்துவிடுங்கள். ஃபோகஸைத் தொலைவிலுள்ள ஒரு விளக்கில் பெரிதாக்கிப் பார்த்து வைத்து, மேனுவலுக்கு மாற்றுங்கள்.

பிஎஸ்எல்வியின் முதல் கட்டம் திட எரிபொருள், நன்றாக ஒளிரும். இரண்டாவது கட்டம் திரவ எரிபொருள் என்பதால் சுடர் சட்டென்று மங்கும். முடிந்துவிட்டது என்று அங்கே நிறுத்திவிடாதீர்கள்! நமக்கு இருட்டினாலும் அந்த உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். காற்று மிக மெல்லியதாக இருப்பதால் புகை விசிறியாக விரிந்து, வெயில் பட்டு வெண்ணீலமாக ஒளிரும். அந்தி ஏவலின் அழகே அதுதான். அந்த நேரத்தில் நீண்ட எக்ஸ்போஷர் எல்லாவற்றையும் குழப்பிவிடும். ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றி, ஒரு விநாடிக்குள் தனிப் படங்களாக எடுங்கள்.

இந்தத் திசைக் கணக்கெல்லாம் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு மட்டும். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் இங்கிருந்து 200 கிலோமீட்டர்தான். அங்கிருந்து எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட் நேராகத் தெற்கே கடல்மேல் போகும். நமக்கு அது தென்-தென்மேற்கில் தெரியும், மேற்கு வானத்தின் மிச்ச வெளிச்சம் ஃபிரேமின் வலப்பக்கத்தில் விழும். அதனால் இன்னும் குறைந்த நேர எக்ஸ்போஷர் தேவைப்படும். நிற்பதும் ஊருணியின் வடகரையாக இருக்க வேண்டும்.