முதல் போட்டிக் கணக்கு: தாளில் தொடங்கி அக்செப்டட் வரை

லூப் தெரியும், அரே தெரியும், வகுப்பில் கொடுத்த புரோகிராம் எல்லாம் ஓடும். ஆனாலும் புரோகிராமிங் போட்டியில் உட்கார்ந்தால் முதல் கணக்கே, அக்செப்டட் (ஏற்கப்பட்டது) என்று வராமல், ராங் ஆன்சர் (தவறான விடை) என்று திரும்பி வருகிறது. இந்த நிலையில் இருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் குறை உங்கள் கோடிங்கில் இருப்பதில்லை. கணக்கைப் பாதி படித்ததுமே கை கீபோர்டுக்குப் போய்விடுகிறது, அங்கேதான் வழுக்குகிறது. இரண்டு கணக்குகளை எடுத்து, எப்படி அணுகுவது என்று பார்ப்போம். முதல் கணக்கு கையைப் பழக்கத்தான். இரண்டாவதில் நிதானமாக நிற்போம்.

படி 1: எல்லைகளோடு சேர்த்துப் படியுங்கள்

புரோகிராமிங் போட்டிகள் நடத்தும் கோட்ஃபோர்சஸ் தளத்தில் புதியவர்கள் அதிகம் தொடும் கணக்கு ஒன்று உண்டு, தர்பூசணிக் கணக்கு. ஒரு பழத்தின் எடை கொடுக்கப்படும், 1 முதல் 100 கிலோ வரை. அதை இரண்டு துண்டாக வெட்ட வேண்டும். இரண்டின் எடையும் இரட்டைப்படை கிலோவாக இருக்க வேண்டும். முடியுமா, முடியாதா?

"எடை இரட்டைப்படை என்றால் முடியும்" என்று உடனே தோன்றும். 8 கிலோவுக்கு அது சரி. இப்போது எல்லையைத் திரும்பப் பாருங்கள், 1-இலிருந்து தொடங்குகிறது. எடை 2 என்றால்? ஒன்றும் ஒன்றுமாகத்தான் வெட்ட முடியும், இரண்டுமே ஒற்றைப்படை. எனவே எடை இரட்டைப்படையாகவும் 2-ஐவிடப் பெரிதாகவும் இருந்தால்தான் "முடியும்". கணக்கின் மொத்தக் கண்ணியும் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. எல்லைகள் எழுதிய வரியைப் பார்த்ததும் மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் தாளில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கேட்டதை மட்டும் அச்சிடுங்கள்

உங்கள் விடையைத் திருத்துவது ஆள் அல்ல, ஒரு புரோகிராம். "எண்ணை உள்ளிடவும்" என்று நீங்கள் அன்போடு அச்சிட்டால் அதையும் விடையின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு தவறு என்றுவிடும். வகுப்பில் பழகிய அந்த வரியைப் போட்டியில் விட்டுவிடுங்கள். எழுத்துகளும் கணக்கில் காட்டியபடியே இருக்கட்டும்.

படி 3: முதலில் தோன்றும் வழியை எண்ணிப் பாருங்கள்

இனி இரண்டாவது கணக்கு. இது சிஎஸ்இஎஸ் என்ற இணையப் பயிற்சிக் கணக்குத் தொகுப்பின் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. 1 முதல் ந வரையுள்ள எண்களில் ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது. மீதி எண்கள் எந்த வரிசையிலும் வரலாம். விடுபட்டது எது? ந அதிகபட்சம் 2,00,000. நேரம் ஒரு வினாடி.

தாளில் சிறிதாக எடுப்போம். ந = 6. எண்கள் 4, 1, 6, 2, 5. கண்ணால் பார்த்தாலே விடை 3 என்று தெரிகிறது. உங்கள் கண் என்ன செய்தது? 1 இருக்கிறதா என்று தேடியது, பிறகு 2, பிறகு 3. அதை அப்படியே எழுதினால் லூப்புக்குள் ஒரு லூப்.

எழுதுவதற்கு முன் எண்ணுங்கள். 2,00,000 எண்களுக்கும் 2,00,000 இடங்களில் தேடினால் 4,000 கோடி ஒப்பீடு. சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு வினாடிக்குச் சுமார் 10 கோடி எளிய செயல்கள் என்பது போட்டியாளர்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அப்படியானால் 400 வினாடி. பாதி தூரத்திலேயே எண் கிடைத்துவிடும் என்று வைத்தாலும் 200. டைம் லிமிட் எக்ஸீடட் (நேரம் கடந்துவிட்டது) என்று வரப்போவது ஒரு வரிகூட எழுதாமலேயே தெரிந்துவிட்டது.

வேறு வழி? 1 முதல் 6 வரை கூட்டினால் 21. கையில் உள்ளவற்றின் கூட்டல் 18. வித்தியாசம் 3.

ந-ஐப் படி
மொத்தம் = ந × (ந + 1) ÷ 2
வரும் ஒவ்வொரு எண்ணையும் மொத்தத்திலிருந்து கழி
மிஞ்சுவதை அச்சிடு

ஒரே லூப், 2,00,000 சுற்று. நேரத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

படி 4: பெரிய மதிப்பைப் போட்டுப் பாருங்கள்

மாதிரி உள்ளீட்டுக்குச் சரியான விடை வந்ததும் சப்மிட் பொத்தானை அழுத்தத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தாளில் குறித்த பெரிய மதிப்பு 2,00,000. அதன் கூட்டல் 2000,01,00,000, அதாவது 2,000 கோடியே ஒரு லட்சம். சாதாரண 32 பிட் இன்ட் தாங்குவது 214,74,83,647 வரைதான். அதனால் 64 பிட் உள்ள லாங் லாங் வேண்டும்.

"லாங் லாங்கில் வைத்துவிட்டேனே, பிறகும் ஏன் தவறு?" இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள், ஒரு காலத்தில் நானும் கேட்டேன். விடையை வைக்கும் பெட்டி பெரியதுதான். ஆனால் ந இன்ட்டாகவே இருந்தால், ந × (ந + 1) என்ற பெருக்கலும் இன்ட்டுக்குள்ளேயே நடக்கிறது. பெட்டிக்குள் போகும் முன்பே எண் கெட்டுவிடுகிறது. கெடும் இடத்தைக்கூடச் சொல்லலாம்: ந 46,340 வரை பெருக்கல் சரியாக வரும், 46,341-இல் உடையும். அதனால்தான் சிறிய சோதனைகள் எல்லாம் தேறி, பின்னால் ஒன்றில் விழும். ந-ஐயே லாங் லாங்காக அறிவித்தால் தீர்ந்தது. பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த எல்லை இல்லை. அங்கே உள்ளீட்டை வேகமாகப் படிப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

படி 5: தீர்ப்பைப் படிக்கப் பழகுங்கள்

ராங் ஆன்சர் வந்தால் முதல் சந்தேகம் எல்லை மதிப்புகள் மேல் இருக்கட்டும். ரன்டைம் எரர் (ஓடும்போது புரோகிராம் நின்றுபோவது) என்றால் அரேயின் அளவைப் பாருங்கள்: எந்தெந்த எண் வந்தது என்று 1 முதல் ந வரை அரேயில் குறித்துக்கொள்ள ந இடம் மட்டும் ஒதுக்கினால், எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதால் ந-ஆம் இடமே இருக்காது. ந + 1 ஒதுக்குங்கள்.

எதுவும் பிடிபடவில்லையா? படி 3-இல் ஒதுக்கிய லூப்புக்குள் லூப்பை இப்போது எழுதுங்கள். மெதுவானது, ஆனால் தவறு செய்ய வாய்ப்பு குறைவு. சிறிய எண்களை வைத்து இரண்டையும் ஓட்டி, விடை எங்கே மாறுகிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை, பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும். மனதார நம்பிச் சொல்கிறேன், புதியவர்கள் கற்க வேண்டிய உத்திகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை.

தாள் ஏன் என்றால்

கல்லூரி மாணவர்களுக்கான ஐசிபிசி போட்டியில் மூவர் கொண்ட அணிக்கு ஒரே கணினி, ஐந்து மணி நேரம். விடை ஏற்கப்பட்ட கணக்கில் அதற்கு முன் அனுப்பிய ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் 20 நிமிடம் அபராதமாகக் கூடும். ஒருவர் தட்டச்சு செய்யும்போது மற்ற இருவருக்கும் தாளும் பேனாவும்தான் கருவி. வீட்டில் தனியாகப் பழகும்போதே அதைப் பழகிவிடுங்கள்.

பயிற்சிக்கு கோட்ஃபோர்சஸில் 800 ரேட்டிங் உள்ள மிக எளிய கணக்குகள், ஆட்கோடர் என்ற போட்டித் தளத்தின் பிகினர் போட்டிகளின் முதல் இரண்டு கணக்குகள், சிஎஸ்இஎஸ்ஸின் தொடக்கப் பகுதி, இவை போதும்.

இன்றே ஒன்று செய்து பாருங்கள். 2,00,000 எண்கள் வரை தரப்படும், ஒவ்வொன்றும் 1 முதல் 100 கோடி வரை. எந்த எண்ணும் தனக்கு முந்தையதைவிடச் சிறிதாக இல்லாதபடி மாற்ற வேண்டும். ஒரு நகர்வில் ஏதாவது ஓர் எண்ணை ஒன்று கூட்டலாம். குறைந்தது எத்தனை நகர்வு? முதல் எண் 100 கோடியாகவும் மற்றவை எல்லாம் 1 ஆகவும் இருந்தால் விடை எவ்வளவு பெரிதாகும் என்பதை மட்டும், எதையும் தட்டச்சு செய்வதற்கு முன் தாளில் எழுதிவிடுங்கள்.